கூடைக்குப் பத்து மதிப்பெண்

புன்னைத்துறைப் பெண்களின் குரல்கள் ஆண்களோடு கடலுக்குப் போய்வரத் தொடங்கிய அந்த வருஷத்தில், எந்தச் செயலியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று ஊருக்குச் சொல்லும் பொறுப்பு ஜெனோவாவிடம் இருந்தது. யாரும் கூடிப் பேசிக் கொடுத்த பொறுப்பு இல்லை. மீன் ஏலக் கூடத்துக்கு எதிரே அவள் நடத்திய செல்போன் கடையின் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. வீடியோக்களை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாத இடத்தில் பார்க்க உதவும் செயலிகளின் பெயர்களை அதில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பாள். ஆழ்கடலுக்குப் போகும் நாற்பத்திரண்டு விசைப்படகுகளின் ஆட்களும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போனில் எதையும் ஏற்றுவார்கள். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் போனால் டவர் விட்டுப்போகும், அதற்கப்புறம் முப்பது நாற்பது நாளைக்கு வானமும் தண்ணீரும் டீசல் வாடையும் அதே ஒன்பது மூஞ்சிகளும்தான் என்பதால், போனுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு ஊர்.

பலகை வந்ததற்கு ஒரு சோப்பு காரணம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய விளம்பரத்தோடு வந்த ஒரு செயலியை நம்பி இன்னாசியும் அவன் படகு ஆட்களும் படம், கிரிக்கெட், காமெடி என்று முந்நூறு வீடியோக்களை இறக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காலையில் எதைத் தொட்டாலும், ஒரு தடவை நெட்டில் இணைத்துவிட்டு வா என்று அது சொல்லிவிட்டது. நடுக்கடலில் நெட்டுக்கு எங்கே போவது? ஒருவனுடைய போனில் தானாக வந்து ஒட்டிக்கொண்டிருந்த சோப்பு விளம்பரம் மட்டும் ஓடியது. ஒன்பது பேரும் முப்பத்தாறு நாள் அந்தச் சோப்பு விளம்பரத்தைப் பார்த்தார்கள். கரைக்கு வந்து மளிகைக் கடையில் அந்தச் சோப்பைக் கண்டதும் இன்னாசி குலுங்கிக் குலுங்கி அழுதான். இன்னாசி ஜெனோவாவின் புருஷன். அன்றைக்குத்தான் அவள், இனி என் மனுஷன் போனில் ஒன்றை ஏற்றினால் அதை நான் சோதித்த பிறகுதான் ஏற்றணும் என்று முடிவுசெய்தாள். ஊருக்கு அவள் செய்த சேவை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னது, ஆரம்பத்தில் ஒரே ஒரு ஆளுக்காகச் செய்த வேலை.

அவள் சோதிக்கிற முறையே தனி. முதலில் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வீடியோவில் பேசுகிறவர்களின் உதட்டையே பார்ப்பாள்; உதட்டுக்குப் பின்னால் சத்தம் தங்கி வந்தால் ஒரு மதிப்பெண் போச்சு. போன் சுட்டால் ஒன்று போச்சு, போனில் இருக்கிற நம்பர்களைக் களவாண்டால் மூன்று போச்சு. கடைசியில் போனை அரிசி போட்டுவைக்கும் தகர டிரம்முக்குள் இறக்கி, மூடியை அழுத்தி மூடிவிடுவாள். அதற்குள் டவர் நுழையாது. மூன்று நாள் கழித்து மூடியைக் கை நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கி, டவர் எட்டுவதற்குள் டிரம்முக்குள்ளேயே ஓடவைத்துப் பார்ப்பாள். எதையும் மூன்று தடவை செய்து பார்க்காமல் நோட்டில் எழுத மாட்டாள். ஹெட்போன் மாட்டியிருக்கும் நேரத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது, அப்போதெல்லாம் கடையைக் கவனித்தது புளோரா. முப்பத்திரண்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள், நாலு வருஷமாக ஜெனோவாவோடு ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே டப்பாச் சோற்றைப் பங்குபோட்டுத் தின்றவள். டீக்கடையிலிருந்து டீ வந்தால் ஜெனோவா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வலது கையால் ஒரு கிளாஸை அவள் பக்கம் நீட்டுவாள்.

பதினொரு செயலிகளைச் சோதித்து எதற்கும் ஏழுக்கு மேல் போடாத ஜெனோவாவிடம் பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தது கூடை. ஒரு பனையோலைக் கூடைப் படம் போட்டிருந்தது, யார் செய்தார்கள் என்று எழுதியிருக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சத்தம் தங்கவில்லை, போன் சுடவில்லை, விளம்பரம் இல்லை, டிரம்முக்குள் மூன்று நாள் கிடந்தும் கூப்பிட்டவுடன் ஓடியது. ஒன்பது போட்டாள். முழுசாகக் கொடுத்தால் எதுவும் கெட்டுப்போகும் என்பது அவள் எண்ணம், அதனால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள். எங்கோ இருக்கிற நடிகர்களையும் எங்கோ நடந்த கிரிக்கெட்டையும் வைத்துத்தான் அவள் சோதித்திருந்தாள். சொந்த ஊர் மனுஷர்களை அதில் போட்டுப் பார்க்கவில்லை.

ஊர்ப் பெண்கள் போட்டார்கள். படகு புறப்படுவதற்கு முந்தின நாள் புருஷனுக்கு, மகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் போன் முன்னால் உட்கார்ந்து பேசி, நெட்டில் ஏற்றி, லிங்கை அனுப்பினார்கள். ஆண்கள் அதைக் கூடையில் இறக்கிக்கொண்டு போனார்கள். முதல் படகு டவரைத் தாண்டின திங்கட்கிழமை காலையில், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்க வாயைத் திறந்த பெரிய டீச்சருக்குக் குரல் வரவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, குரல் மட்டும் இல்லை. முப்பத்துமூன்று நாள் கழித்து அவள் புருஷனுடைய படகு டவருக்குள் திரும்பி வந்த நிமிஷத்தில், கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் விட்ட இடத்திலிருந்து ‘உள்ளேன் ஐயா சொல்லு’ என்றாள். கடலில் அந்தக் குரல் போனிலிருந்து வந்த மாதிரி இருக்கவில்லையாம், பிடரிக்குப் பின்னால் மூச்சு படுகிற தூரத்திலிருந்து வந்ததாம். படகு ஆட்கள் இதை வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்கள்.

ஊர் இதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வீடியோவில் ஒருத்தி எதைச் செய்தாளோ அது படகோடு போகிறது, படகு டவருக்குள் வந்ததும் திரும்பி வருகிறது, அவ்வளவுதானே என்றார்கள். பேசினவளுக்குக் குரல் போனது, அப்பாவுக்கு ஆடிக் காட்டின பிள்ளைகளுக்குக் கால் நாற்பது நாளைக்கு ஆட மறந்தது, கை மட்டும் அசைத்தவளுக்குக் கை மரத்தது. மளிகைக் கடைக்காரர் வாசலில் சிலேட்டும் குச்சியும் கட்டித் தொங்கவிட்டார். ஏலம் கூறுகிற பெண் விரலாலேயே ஏலம் விட்டாள், மீனுக்கு விலை கூடத்தான் செய்தது. கோயிலில் பாடகர் குழுவில் பாதிப் பேர் வாயசைக்க ஆர்மோனியம் மட்டும் பாடியது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர், சீட்டில் நோய் என்ற இடத்தில் ‘கடலில்’ என்று எழுதப் பழகிக்கொண்டார். படகு திரும்பின மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும் வரிசை கடற்கரை வரைக்கும் நீண்டது, ஏனென்றால் நாற்பது நாள் பாவமும் நாற்பது நாள் கோள்சொல்லலும் ஒரே நாளில் வெளியே வர வேண்டியிருந்தது.

ஒரே ஒரு கெடுதல் நடந்தது. ததேயு என்பவன் நடுக்கடலில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை இன்னொருவனிடமிருந்து வாங்கிக்கொள்ள இடம் போதாமல், அம்மாவின் வீடியோவை அழித்தான். டவர் இல்லாத இடத்தில் அழித்ததால் திரும்பி வர அதற்கு வழி இல்லாமல் போயிற்று. படகு வந்தது, அவன் அம்மா சலேத்தம்மாளின் குரல் வரவில்லை, அதற்குப் பிறகு வரவே இல்லை. அவள் அவனை ஒன்றும் கேட்கவில்லை, கேட்க அவளிடம் என்ன இருந்தது. அன்றிலிருந்து, போனில் நாலு கோடு டவர் முழுசாகத் தெரியாமல் யாரும் எதையும் அழிக்கக் கூடாது என்று படகுச் சங்கத்தில் தீர்மானம் போட்டு, செயலாளர் சந்தியாகு கையெழுத்திட்டு ஒட்டினார்.

இதெல்லாம் போகட்டும். ஊருக்குள் இன்னொன்று சத்தமில்லாமல் வளர்ந்தது. குரல் போனவளுக்கு மதிப்பு வந்தது. ஊமையாகக் கடைவீதியில் நடக்கிறவள், ஒருத்தன் தன்னை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டு நடந்தாள். புதுப்பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். புருஷன் கடலில் இருக்கும்போது கீரைக்காரியிடம் விலை பேசுகிற பெண்ணை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்படிக் குரல் போகாமல் வீட்டோடு தங்கினவர்கள் ஊரில் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் தெருவில் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

இன்னாசியின் படகு ஆகஸ்டு பத்தாம் தேதி புறப்பட்டது. அதுவரை மராமத்துக்காகக் கரையேறிக் கிடந்த படகு அது, கூடை வந்த பிறகு போகிற முதல் பயணம். எட்டாம் தேதி ஜெனோவா பச்சைச் சேலை கட்டி, பத்து நிமிஷம் பேசி ஒரு வீடியோ எடுத்தாள். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குக் கணக்கில் தொண்ணூறு வந்ததைச் சொன்னாள், உங்கள் தலையணை உறையைத் துவைக்கப் போவதில்லை, வந்த பிறகு துவைக்கிறேன் என்று சொன்னாள், கடைசியில் கேமராவைக் கீழே திருப்பி, அவனுக்குப் பிடித்த மாதிரி மீன் பொரித்துக் காட்டினாள், அதில் அவள் வலது கை மட்டும் தெரிந்தது. ஏற்றி, லிங்கை அனுப்பினாள். படகுத்துறையில் இன்னாசி, “எறக்கிட்டேம்ளா, தெனமும் பாப்பேன்” என்றான். வீடியோவுக்குக் கீழே, பார்த்தவர் 1 என்று காட்டியது. அந்த ஒன்றை அவள் அன்றைக்கே நாலைந்து தடவை பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

ஊமையாவதற்கு அவள் தயாராக இருந்தாள். புது சிலேட்டு வாங்கி வைத்தாள், மகளிடம் ஒரு மணி நேரம் போனில் பேசித் தீர்த்தாள், கரண்டு ஆபீஸ்காரனிடம் அடுத்த மாசம் போட வேண்டிய சண்டையை முன்கூட்டியே போட்டு முடித்தாள். பதினொரு மணிக்குப் படகு டவரைத் தாண்டியிருக்க வேண்டும். துறையில் நின்ற அந்தப் படகுப் பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகத் தொண்டையைத் தொட்டுப் பார்த்து, தலையைக் குனிந்து சிரித்தார்கள். ஜெனோவாவும் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, யாருக்கும் கேட்காமல் “இன்னாசி” என்று சொல்லிப் பார்த்தாள். கேட்டது. தன் குரல் தனக்குக் கேட்டதை அவள் அவ்வளவு அவமானமாக அதற்கு முன் உணர்ந்ததில்லை.

ஆனால் அதே நேரத்தில் அவள் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே மரத்துப்போனது. கிள்ளினால் வலிக்கவில்லை, விரலை மடக்க வரவில்லை. பக்கத்தில் நின்ற பிரகாசி, மூன்று பயணமாகக் குரல் போகாத பதினான்கு பேரில் ஒருத்தி, அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

“கைய மட்டும் கொண்டு போயிருக்காவ மைனி. மீன் பொரிச்ச கையில்லா. போன்ல எடம் பத்தாம அந்தத் துண்ட மட்டும் வெட்டி வச்சிருப்பாவ. எனக்கு அதுகூட இல்லியே.”

ஜெனோவா அதைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் அவனுக்குப் பிடித்தது மீன் பொரிக்கும் கைதான் என்றால் அதற்கென்ன, தின்கிற ஆசை உள்ள மனுஷன். முப்பத்தெட்டு நாளும் அந்தச் செத்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கடைக்கு வந்தவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டினாள். இடது கையால் எழுதினாள், இடது கையால் சாப்பிட்டாள், கோணல் எழுத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் புளோராவும் தொண்டையில் கையை வைத்துக்கொண்டுதான் கடைக்கு வந்தாள். அண்ணன் படகும் அன்றைக்கே போயிருந்தது, அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சைகை காட்டினாள். சரி, பாசமுள்ள அண்ணன் என்று ஜெனோவா நினைத்தாள். முப்பதாம் நாள் அண்ணன் படகு திரும்பி வந்தது, அந்தப் படகுப் பெண்கள் எல்லோருக்கும் குரல் வந்தது, புளோராவுக்கு வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று அதற்கும் ஒரு சைகை காட்டினாள். ஜெனோவா ஒற்றைக் கையால் மிளகை நுணுக்கி, பால் காய்ச்சி, ஆற்றி, எட்டு நாளும் அவளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். கடைக்கு வந்த பெண்கள் புளோராவைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு போன் கவர்களைப் பார்த்தார்கள். ஜெனோவாவின் சோதிக்கிற புத்தியெல்லாம் போன்களோடு நின்றுவிட்டது. மனுஷரை டிரம்முக்குள் போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் ஒரு நாள் பதினான்கு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள்.

“ஒரு ரெண்டு மார்க்கு கொறச்சிருங்க மைனி” என்றாள் பிரகாசி. “சில போன்ல சரியா வேல செய்யாதுன்னு எழுதிப் போடுங்க. அது போதும். நாங்களும் தல நிமிந்து நடப்போம்.”

“சோதிக்காம எப்பிடி எழுத? கோளாறு கண்டாத்தான எழுத முடியும்.”

“ஒங்களுக்கே கொரல் போகலியே. அது கோளாறு இல்லியா?”

“எனக்குத்தான் கை போயிருக்கே” என்று ஜெனோவா கையை மேசை மேல் எடுத்து வைத்தாள். அவர்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றார்கள், பிறகு போய்விட்டார்கள்.

செப்டம்பர் பதினேழாம் தேதி காலை ஆறு மணிக்கு, வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது அவள் விரல்களில் எறும்பு ஊர்ந்த மாதிரி ரத்தம் ஓடியது. வாளியைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினாள். படகு அணைந்தபோது இன்னாசி கறுத்து, தாடி வளர்ந்து, நன்றாக இருந்தான். அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அவன் ஆரம்பித்தான்.

“ஒன் வீடியோ எறங்கவே இல்லளா. பாதியில நின்னுட்டு. கூடையில என்னமோ கோளாறு இருக்கு.”

“அப்ப என் கை?”

“கையா? கைக்கு என்ன?”

அவனுக்குத் தெரியவில்லை. கை மரத்ததே அவனுக்குத் தெரியாது என்று அவன் முகத்தில் இருந்தது. ஆனாலும் ஜெனோவா அந்த நிமிஷத்தில் சந்தேகப்பட்டது கூடையைத்தான். பக்கத்தில் வலை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் காதில் அது விழுந்து, சங்கச் செயலாளர் சந்தியாகுவே கிட்டே வந்துவிட்டார்.

“கோளாறுன்னா சும்மா விடக் கூடாதுப்பா. நாப்பத்திரண்டு படகு இத நம்பிப் போகுது. ஒன் போன மைனிட்ட குடு, பாத்துச் சொல்லட்டும்.”

“இப்ப எதுக்கு? நான் குளிச்சி, சாப்பிட்டு...”

“குளிக்கப் போன் எதுக்கு?” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். தான் சொன்ன கோளாறுக்குத் தானே சாட்சியாக நின்ற இன்னாசிக்கு, போனைக் கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கடைக்கு வந்தபோது புளோரா பேசிக்கொண்டிருந்தாள். “காலையில எந்திச்சேன், சரியாயிட்டுது யக்கா. ஒங்க மெளகுப் பாலு வேல செஞ்சிட்டு” என்றாள். ஜெனோவாவுக்கு அந்தக் கவலையிலும் ஒரு திருப்தி உண்டாயிற்று. போன் கவர் வாங்க வந்த பிரகாசியிடம் புளோரா பேச்சைத் தொடர, ஜெனோவா இந்தத் தடவை முதலிலேயே டிரம்மின் மூடியைத் திறந்தாள். கோளாறு டவர் இல்லாத இடத்தில் வந்ததென்றால் டவர் இல்லாமல்தானே பார்க்க வேண்டும்? இன்னாசியின் போனை உள்ளே வைத்தாள். மூடியை வைத்து, வலது கையால் அழுத்தினாள்.

“இந்தக் கவரு போட்டா தண்ணி உள்ள போ” என்று புளோரா சொல்லிக்கொண்டிருந்தாள். அதோடு நின்றது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

மூடியின் மேல் இருந்த ஜெனோவாவின் வலது கை மரக்கட்டையாகக் கிடந்தது.

ஜெனோவா இடது கையால் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, இடது கையால் மூடியைத் திறந்தாள்.

“வாது” என்றாள் புளோரா.

எதையும் மூன்று தடவை செய்து பார்ப்பது ஜெனோவாவின் வழக்கம். மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள். இரண்டாம் தடவை புளோரா “யக்கா, என்ன செய்யு” வரைக்கும் வந்தாள். மூன்றாம் தடவை அவள் பேசிப் பார்க்கவே இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு டிரம்மையே பார்த்தாள். பிரகாசி கையிலிருந்த கவரை மெல்ல மேசையில் வைத்தாள்.

ஜெனோவா போனை வெளியே எடுத்து, கூடையைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். படங்கள், கிரிக்கெட், ஜெபக்கூட்டம். கடைசியில் ‘எஞ்சின் ரிப்பேர்’ என்று ஒன்று இருந்தது. ஹெட்போன் மாட்டவில்லை. சத்தத்தை முழுசாக வைத்து ஓடவிட்டாள்.

இந்தக் கடைதான். இந்த மேசைதான். ஆகஸ்டு ஒன்பதாம் தேதி முற்பகல். புளோரா போனை முகத்துக்கு நேரே பிடித்து, தலைமுடியை ஒதுக்கி ஒதுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்தில் ஜெனோவா கேட்டே இராத ஒரு குழைவு அந்தக் குரலில் இருந்தது. நாற்பது நாளும் என் குரல் உங்களோடு இருக்கும் என்றது, அண்ணன் எடுத்துப் போனான் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றது, வந்ததும் முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும், அங்கே போய்விட்டு வருகிறேன் என்றால் பேச மாட்டேன் என்றது. நாலாவது நிமிஷத்தில், திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. கட்டைவிரலில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு உள்ள கை, ஒரு கிளாஸ் டீயை நீட்டியது. புளோரா பேச்சை நிறுத்தாமலே அதை வாங்கிக்கொண்டாள்.

“கேக்காது” என்றது வீடியோவில் புளோராவின் குரல். “அவ காதுல மாட்டிருக்கா.”

அவ என்றாள். யக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். முப்பத்தெட்டு நாள் மார்போடு அணைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிந்த கை, இன்னொருத்தியின் வீடியோவில் தப்பி வந்து விழுந்த கை. அது போனது அவன் ஆசைப்பட்டதால் இல்லை. வெட்டி எறியச் சோம்பல்பட்டு விட்டுவைத்ததால்.

“ஊருக்கே தெரியும் மைனி” என்றாள் பிரகாசி தரையைப் பார்த்துக்கொண்டு. “எப்பிடிச் சொல்ல?”

“கொரல் போனவ சொல்லல, சரி. வாயோட இருந்த நீங்க பதினாலு பேரும்?”

பிரகாசி மேசையில் வைத்த கவரை மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

ஜெனோவாவின் கட்டைவிரல் திரையின் மேல் நின்றது. டவரை அணைத்துவிட்டு அழித்தால் போதும். ஒரு அழுத்து, பிறகு இன்னொரு அழுத்து. சலேத்தம்மாள் மாதிரி இவளும் மிச்ச நாளெல்லாம் சிலேட்டோடு அலைவாள், இந்தக் குழைவு இனி ஒருத்தன் பிடரியிலும் மூச்சு விடாது. தன் கையும் கூடவே போய்விடும் என்று ஜெனோவாவுக்குத் தெரியும். போகட்டுமே என்றுதான் இருந்தது. டவரை அணைக்கும் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினாள். நாலு கோடும் போயின. புளோராவின் வாய் திறந்து மூடியது, இரண்டு கையையும் கூப்பினாள். மரத்துப்போன வலது கையை மடியில் போட்டுக்கொண்டு ஜெனோவா நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஏலக் கூடத்தில் யாரோ வஞ்சிரத்துக்கு விரல் காட்டினார்கள்.

பிறகு டவரைப் போட்டாள். நாலு கோடும் வரும்வரை காத்திருந்தாள். அழித்தாள். விரல்களில் ரத்தம் ஓடியது, இந்தத் தடவை முழுசாக.

“யக்கா...” என்றாள் புளோரா.

“அப்பிடிக் கூப்பிடாத. ஒன் கொரல எடுத்துட்டா நீ தப்பிச்சிருவ. நாளைக்கு ஒங்கண்ணி கேப்பா, சாமியாரு கேப்பாரு, நானும் கேப்பேன். பதில் சொல்ல அது வேணும். வச்சுக்க. இப்ப கடைய விட்டு எறங்கு.”

புளோரா தன் டிபன் டப்பாவைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள்.

ஜெனோவா நோட்டை எடுத்தாள். சோதனை முடிந்தால் எழுத வேண்டும், அது வழக்கம். பக்கத்தைத் தேடிப் புரட்டுகையில், தன் நல்ல கையால் எழுதின பழைய வரி ஒன்று கண்ணில் பட்டது. ஆகஸ்டு எட்டு. என் வீடியோ ஏறிவிட்டது. கடைப் போனில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். சத்தம் சரி. அதைப் படித்துவிட்டுத் தன் வீடியோவைத் திறந்தாள். பார்த்தவர் 1 என்று அப்போதும் காட்டியது. எத்தனையோ செயலிகளில் குறை கண்டுபிடித்தவள், எண்ணிக்கையில் தன்னைக் கழிக்க மறந்திருந்தாள்.

மத்தியானம் இன்னாசி போனை வாங்கிப்போக வந்தபோது கடை வாசலில் கூட்டம் நின்றது. காலையிலேயே டீக்கடையில், கூடை மோசம், நம்பாதீர்கள் என்று அவன் சொல்லிப் பரப்பியிருந்தான். சந்தியாகு நின்றார், படகுப் பெண்கள் நின்றார்கள், பதினான்கு பேரும் ஒரு ஓரமாக நின்றார்கள். ஜெனோவா ஈரத்துணியால் கூடைக்கு எதிரே இருந்த ஒன்பதை அழித்துக்கொண்டிருந்தாள். எட்டு என்று எழுதுவாளா ஏழு என்று எழுதுவாளா என்று பதினான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள், அவர்களுக்காக அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சாக்பீஸை வலது கையில் பிடித்து, தடித்த எழுத்தில், பத்து என்று எழுதினாள். அதற்குக் கீழே, கோளாறு எதுவும் இல்லை, யார் எதை வைத்தார்களோ அதைத்தான் கொண்டு போகிறது என்றும் எழுதினாள்.

பதினான்கு பேரில் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பிரகாசி மட்டும் கடைசி எழுத்து வரைக்கும் நின்று படித்தாள். கூட்டத்தின் கண்கள் பலகையிலிருந்து மெல்ல நகர்ந்து இன்னாசியின் மேல் போய் நின்றன. அவன் பலகையைப் படித்தான், ஆளில்லாத புளோராவின் நாற்காலியைப் பார்த்தான், திரும்பிப் போகலாமா என்று ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தான்.

“நில்லுங்க” என்றாள் ஜெனோவா. முப்பத்தெட்டு நாளும் யாருக்கும் வேண்டாமல் வீட்டோடு தங்கிக் கிடந்த குரல், கொஞ்சமும் தேயாமல், ஏலக் கூடத்தின் மறுகோடி வரைக்கும் கேட்டது. “போன் வேண்டாமா? இந்தாங்க. நல்லா சோதிச்சிட்டேன். கூடையில ஒரு கொறையும் இல்ல.”